பதினெட்டு வயதுக்குப் பின்: கலைப் பட்டறைகளும் தம் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும்

சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரு குழந்தைக்கு நம் நாட்டில் ஓரளவேனும் வழித்தடம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான சிறார்க்கு இலவசக் கல்வியை உரிமையாக வழங்குகிறது. பள்ளி, சிறப்பாசிரியர், பயிற்சி, ஆண்டு விழா என அவ்வாண்டுகள் ஒரு முறையில் செல்கின்றன. பதினெட்டு நிறைந்ததும் அம்முறை நின்றுவிடுகிறது. பள்ளி வாகனம் வாசலுக்கு வருவதில்லை. இருபது வயது இளைஞர் ஒருவர் காலை முதல் இரவு வரை வீட்டிலேயே அமர்ந்திருக்க, பெற்றோரில் ஒருவர் வேலையை விட்டு உடனிருக்க வேண்டியதாகிறது. பழகிய திறன்கள் பயன்பாடின்றி மங்குகின்றன. "நமக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்வி அவ்வீட்டில் நாள்தோறும் எழுகிறது.

அக்கேள்விக்கு முழுமையான விடை எவரிடமும் இல்லை. எனினும், நாட்டின் பல நகரங்களில் பெற்றோரும் தொண்டு நிறுவனங்களும் நடத்தி வரும் கலைப் பட்டறைகள் அவ்விடையின் ஒரு பகுதியை அளித்து வருகின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றின் வரவு செலவு எத்தகையது, அங்கே ஈட்டும் தொகை யார் கணக்கில் சேர வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

யாரைக் குறிக்கிறோம்?

ஆட்டிசம், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு, கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட நிலை, டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றை உடையோரின் மூளை, பெரும்பாலோரின் மூளையினின்று வேறுபட்ட முறையில் செய்திகளை வாங்குகிறது, வரிசைப்படுத்துகிறது, வெளிப்படுத்துகிறது. இவ்வேறுபாட்டை நோயென்று மட்டும் காணாமல் மனித இனத்தின் இயல்பான பன்மையாகவும் காண வேண்டும் என்னும் கருத்து 1990களின் இறுதியில் வலுப்பெற்றது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் அக்காலத்தில் இதனை எழுத்தில் முன்வைத்தவர்களுள் ஒருவர். 'நரம்பியல் பன்மை' என்று தமிழில் இதனைக் குறிப்பிடலாம்.

நம் சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அவற்றுள் அடங்கும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர் என்றது. அவர்களுள் சுமார் 15 லட்சம் பேர் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுடையோர். ஆட்டிசத்துக்கு அக்கணக்கெடுப்பில் தனி வகையே இல்லை. எண்ணப்படாதவர்களுக்காகத் திட்டம் தீட்டுவது எளிதன்று.

பட்டறையில் என்ன நடைபெறுகிறது?

கலைப் பட்டறை என்றவுடன் பொழுதுபோக்கு வகுப்பு ஒன்று நினைவுக்கு வரலாம். நன்கு நடத்தப்படும் பட்டறை அத்தகையதன்று. அதன் அடிப்படை, ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பகுப்பதாகும். துணிப்பையில் அச்சிடுவதை எடுத்துக்கொள்வோம். துணியை விரித்தல், அளவுச் சட்டத்தை அதன் மேல் பொருத்துதல், மர அச்சுக்கட்டையைச் சாயத்தில் தோய்த்தல், சட்டத்தின் மூலையோடு ஒட்டி வைத்து அழுத்துதல், உலர்த்துதல், எண்ணி அடுக்குதல் என்று அது ஆறு வேலைகளாகிறது. ஒருவர் ஆறினையும் செய்யலாம். மற்றொருவர் எண்ணி அடுக்குவதை மட்டும் மிகத் துல்லியமாகச் செய்யலாம். அளவுச் சட்டம் இருப்பதால் கை சற்று நடுங்கினாலும் அச்சு கோணுவதில்லை.

இரண்டாவது, நாளின் ஒழுங்கு. ஆட்டிசம் உடையோர் பலருக்கு அடுத்து என்ன நிகழும் என்று தெரியாதிருப்பதே பெரும் பதற்றத்தைத் தருகிறது. ஆகவே அன்றைய வேலைகள் படங்களாகச் சுவரில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒரு வேலை முடிந்ததும் அப்படத்தை எடுத்துப் பெட்டியில் இடுவார்கள். பேச்சு வராதவரும் "அடுத்து என்ன?" என்பதை அறிந்துகொள்ள இஃது உதவுகிறது.

மூன்றாவது, புலன்களுக்கேற்ற வேலை. கைத்தறியில் பாவின் குறுக்கே நாடா போய் வரும் சீரான தாளம் சிலரை அமைதிப்படுத்துகிறது. அச்சுக்கட்டையை அழுத்தும்போது தோளிலும் மணிக்கட்டிலும் உணரும் கனம் வேறு சிலருக்குப் பிடித்திருக்கிறது. ஈரக் களிமண்ணைத் தொடவே இயலாதவரும் உண்டு. அவருக்குச் சுட்டெடுத்த அகல் விளக்கில் வண்ணம் தீட்டும் வேலை பொருந்தும். கூச்சலையும் மினுங்கும் குழல் விளக்கையும் தாங்க முடியாதவர்க்கென அமைதியான சிற்றறை ஒன்றும் நல்ல பட்டறையில் இருக்கும்.

நான்காவது, தெரிவு செய்யும் உரிமை. சிவப்பா நீலமா, இன்று தறியா தாளா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். உண்பதும் உடுப்பதும் உறங்குவதும் பிறர் முடிவாகவே அமைந்த ஒருவரின் வாழ்வில், "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி அச்சொல் மதிக்கப்படும் முதல் இடம் பெரும்பாலும் இதுவாக இருக்கிறது.

இவை அனைத்தினும் கடினமானது காலம். அமெரிக்காவின் ஓக்லாண்டில் 1974இல் தொடங்கப்பட்ட 'கிரியேட்டிவ் குரோத்' என்னும் கலைக்கூடம் இவ்வகை அமைப்புகளுள் முன்னோடி. டவுன் சிண்ட்ரோம் உடையவரும் செவித்திறன் அற்றவருமான ஜூடித் ஸ்காட், ஏறத்தாழ 35 ஆண்டுகளைக் காப்பகங்களில் கழித்தபின், 1987இல் தம் இரட்டைச் சகோதரியின் முயற்சியால் அங்குச் சேர்ந்தார். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஓவியத்தில் அவருக்கு நாட்டம் ஏதும் தோன்றவில்லை. பின்னர் நூலிழை வகுப்பொன்றில் கிடைத்த பொருள்களை நூலால் சுற்றிச் சுற்றி உருவங்கள் செய்யத் தொடங்கினார். 2005இல் மறையும் வரை அப்பணியை விடவில்லை. அவருடைய சிற்பங்கள் இன்று புகழ்பெற்ற அருங்காட்சியகங்களில் உள்ளன. எல்லாரும் ஜூடித் ஸ்காட் ஆவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. "ஆறு மாதத்தில் பயனில்லை" என்று அவருடைய பெயரை எவரும் பதிவேட்டிலிருந்து நீக்காததே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

நம் நாட்டில் சில முயற்சிகள்

தில்லியில் 1991இல் தொடங்கப்பட்ட 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பு, ஆட்டிசம் உடைய சிறாரோடு வளர்ந்தோருக்கும் பணித்திறன் பயிற்சி அளித்து வருகிறது. அதனை நிறுவிய மெரி பரூவா அவர்களே ஆட்டிசம் உடைய ஒருவரின் தாயார். மும்பையின் 'ஓம் கிரியேஷன்ஸ்' அறக்கட்டளையில் டவுன் சிண்ட்ரோம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடுகள் உடைய பெண்கள் கைவினைப் பொருள்களையும் தின்பண்டங்களையும் உருவாக்கி விற்கின்றனர். அதே நகரின் ஜுஹு பகுதியில் 2018இல் தொடங்கப்பட்ட 'கஃபே அர்பன்' சிற்றுண்டிச்சாலையில் சமையற்கூடம் முதல் பரிமாறுதல் வரை வளர்ச்சிக் குறைபாடுடைய இளைஞர்கள் பணியாற்றுகின்றனர். ஆலினா ஆலம் 2017இல் கர்நாடகத்தின் ஹூப்ளியில் தொடங்கிய 'மிட்டி கஃபே' இன்று பல நகரங்களில் இயங்குகிறது. 2023இல் உச்ச நீதிமன்ற வளாகத்திலும் அதன் கிளை திறக்கப்பட்டது.

தமிழகத்திலும் இத்தகைய பணிகள் உண்டு. சென்னையில் நடனக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் 1989இல் நிறுவிய 'ராசா' அமைப்பு, நடனம், இசை, நாடகம் ஆகியவற்றின் வழியே பயிற்சி அளிக்கிறது. திண்டிவனத்தை அடுத்த சிருஷ்டி கிராமத்தில் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுடைய பெரியோர் வேளாண்மையும் கைத்தொழிலும் செய்து கூடி வாழ்கின்றனர்.

கலை என்பது இவர்களுக்கு வழங்கப்படும் கருணையன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் அளிக்கும்படி அரசுகளையும் உள்ளாட்சிகளையும் பணிக்கிறது. 2022 முதல் மத்திய அரசு நடத்தி வரும் 'திவ்ய கலா மேளா' கண்காட்சிகளில் இவர்களின் படைப்புகளை நேரில் கண்டு வாங்கலாம்.

ஒரு பட்டறையின் வரவு செலவு

வணிகவியல் பயின்றவன் என்ற முறையில், "இது தன் காலில் நிற்குமா?" என்ற கேள்விக்குக் கணக்கின் வழியே விடை காண விழைகிறேன். கீழே வருவது கருத்தை விளக்குவதற்கான கற்பனைக் கணக்கு. எந்த நிறுவனத்தின் கணக்கும் அன்று.

பன்னிருவர் பணியாற்றும் பட்டறை ஒன்று மாதம் 600 துணிப்பைகளைச் செய்கிறது. மாதத்திற்கு இருபது வேலை நாள்கள் எனில், ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டரைப் பை. பை ஒன்றின் விலை 120 ரூபாய். மாத விற்பனை 72,000 ரூபாய். துணி, சாயம், தையற்கூலி பைக்கு 60 ரூபாய் வீதம் 36,000 ரூபாய். வாடகையும் மின்கட்டணமும் 10,000 ரூபாய். பொதிந்து அனுப்பும் செலவு 5,000 ரூபாய். எஞ்சுவது 21,000 ரூபாய். பன்னிருவருக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 1,750 ரூபாய் ஊக்கத்தொகை கிட்டும்.

இக்கணக்கில் பயிற்றுநர் சம்பளம் இன்னும் சேரவில்லை. பயிற்றுநர் இருவருக்குத் தலா 18,000 ரூபாய், வாரத்தில் சில நாள்கள் மட்டும் வரும் செயல்வழிச் சிகிச்சையாளருக்கு 12,000 ரூபாய் எனில், மேலும் 48,000 ரூபாய் வேண்டும். ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். ஆண்டுக்கு மொத்தம் 5,76,000 ரூபாய். இத்தொகையைப் பை விற்று ஈட்ட இயலாது. ஈட்டியே தீர வேண்டுமென முனைந்தால் இரண்டில் ஒன்று நிகழும்: பன்னிருவரின் ஊக்கத்தொகை மறைந்துபோகும், அல்லது விரைவாக வேலை செய்ய இயலாதவர் மெல்ல வெளியேற்றப்படுவார்.

ஆகவே விற்பனை வருவாய் பணியாற்றுவோரின் ஊக்கத்தொகைக்கும், பயிற்றுவிக்கும் செலவு நன்கொடை, பெற்றோர் கட்டணம், அரசுத் திட்டங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஆகியவற்றுக்கும் உரியதென இரு ஏடுகளாகப் பிரித்துக் கணக்கு வைப்பதே முறை. பள்ளிக்கூடமும் நூலகமும் இலாபம் ஈட்டவில்லை என்று நாம் அவற்றை மூடுவதில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரையறைக்குட்பட்ட பெரு நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. அந்நிதியைப் பெற விரும்பும் அறக்கட்டளை, நிறுவன விவகார அமைச்சகத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருத்தல் வேண்டும்.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. பெரும்பாலான கொள்முதல் தீபாவளியை ஒட்டியே நிகழ்கிறது. ஆகஸ்டில் துணியும் மண்ணும் சாயமும் வாங்க வேண்டும். விற்ற பணம் கைக்கு வர டிசம்பர் ஆகிவிடும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் நடைமுறை மூலதனமின்றித் தவிக்கும் பட்டறைகள் பல. மொத்தமாக வாங்கும் அலுவலகங்கள் பாதித் தொகையை முன்பணமாகத் தந்தாலே இத்தவிப்பு பெருமளவு தணியும்.

ஊக்கத்தொகை யார் கணக்கில்?

ஈட்டிய 1,750 ரூபாய் தந்தையின் கணக்கிலோ பட்டறையின் பெட்டியிலோ சேர்ந்துவிடுமாயின், உழைத்தவர் அதனைக் கண்ணால் காண்பதில்லை. அது அவருடைய பெயரிலுள்ள கணக்கில் வர வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து உடைமை, நிதி மேலாண்மை, வங்கிக் கடன் ஆகியவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரோடு சமமான உரிமை உண்டு என்கிறது.

இங்குப் பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. மகனுக்கோ மகளுக்கோ 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் தகுதி முடிவடைகிறது. குறைபாட்டின் அளவு எதுவாயினும் அதன்பின் அத்தகுதி தானாகத் தொடர்வதில்லை. எனவே மூன்று நிலைகளைத் தனித்தனியே அறிந்துகொள்வது நலம்.

முதல் நிலை: தாம் செய்யும் பரிவர்த்தனை இன்னதென்று புரிந்துகொள்ளக் கூடியவர். டிஸ்லெக்சியா உடையோர், ஆட்டிசம் உடையோருள் பலர், டவுன் சிண்ட்ரோம் உடையோருள் சிலர் இவ்வகையினர். இவர் தாமே கணக்குத் தொடங்கி நடத்தலாம். கையொப்பம் சீராக வராவிடின் பெருவிரல் ரேகை போதும்.

இரண்டாம் நிலை: புரிந்துகொள்ளச் சற்றே துணை தேவைப்படுபவர். பெற்றோருடன் கூட்டுக் கணக்கு இவருக்குப் பொருந்தும். பெருந்தொகையை வைப்பில் வைத்துவிட்டு, ஊக்கத்தொகை வரும் சிறு சேமிப்புக் கணக்கை அவரே கையாளுமாறு விடலாம். ஏடிஎம் அட்டையின் உச்சவரம்பைக் குறைத்தும் இணையப் பரிவர்த்தனையை நிறுத்தியும் வைக்கும் வசதி உள்ளது. இழப்பு நேர்ந்தாலும் அது சில நூறு ரூபாயோடு நிற்கும்.

மூன்றாம் நிலை: தாமே முடிவெடுக்க இயலாதவர். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த உள்ளூர் அளவிலான குழு, 18 வயது கடந்தோருக்குச் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்கிறது. மாவட்ட ஆட்சியர் நிலையிலான அலுவலர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் இக்குழுவில் இடம்பெறுவர். இக்குழு வழங்கும் காப்பாளர் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கவும் நடத்தவும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. சான்றிதழ் பெறும் முறை குறித்துக் கிளைகள் வழிகாட்ட வேண்டும் என்பதும் அவ்வறிவுறுத்தலில் அடங்கும்.

காப்பாளர் நியமனம் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலை. தந்தையின் பெயரில் வைப்புத்தொகை, மகன் அதற்கு நியமனதாரர். அதுவே போதும் என்று பலர் நம்புகின்றனர். நியமனதாரர் என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதியுடையவரே. வாரிசுகளின் உரிமையை அது தீர்மானிப்பதில்லை. அந்த நியமனதாரர் தாமே முடிவெடுக்க இயலாதவராயின், காப்பாளர் சான்றிதழ் வரும் வரை தொகை வங்கியிலேயே தேங்கி நிற்கும். அம்மாதங்களில் அவருடைய உணவுக்கும் மருந்துக்கும் யாரோ ஒரு உறவினரின் நல்லெண்ணத்தை நம்ப வேண்டியதாகிறது. உயிலும், தேவையாயின் மகனின் நலனுக்கென ஏற்படுத்தும் தனியார் அறக்கட்டளையும் வழக்கறிஞரின் துணையோடு காலத்தே எழுதப்பட வேண்டும்.

அதே வேளையில், தேவையின்றிக் காப்பாளரை நியமிப்பதும் முறையன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு 'வரையறுக்கப்பட்ட காப்பாளர்' என்னும் கருத்தை முன்வைக்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்திற்கு, அவரோடு கலந்து முடிவெடுப்பவரே அத்தகைய காப்பாளர். மாதம் 1,750 ரூபாயைத் தாமே எடுத்துச் செலவிடக் கூடிய ஒருவரின் கையிலிருந்து பாஸ்புத்தகத்தை வாங்கிவிடுவதால் அவர் பாதுகாப்புப் பெறுவதில்லை; ஈராண்டுகள் பட்டறையில் கற்றதை இழக்கிறார்.

பாஸ்புத்தகத்தைப் பதிவிடுவதையே மாதாந்திரப் பயிற்சியாகக் கொள்ளும்படி பட்டறைகளுக்குப் பரிந்துரைக்கிறேன். மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியர் கூட்டம் மிகுதி. மாத நடுவில், பிற்பகலில் வந்தால் கிளை அமைதியாக இருக்கும். முன்னதாகத் தெரிவித்துவிட்டு வருவது மேலும் நன்று. வங்கி ஊழியர்களும் ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும். "இவர் கையெழுத்துப் போடுவாரா?" என்று உடன் வந்த தாயாரைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது கேள்வியை அவரிடமே கேட்டு, விடைக்குச் சற்றுக் காத்திருத்தலே முறை.

குடும்பங்கள் அறிய வேண்டிய சலுகைகள்

அனைத்துக்கும் முதற்படி, 'யூடிஐடி' எனப்படும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. பெரும்பாலான திட்டங்களுக்கு 40 விழுக்காடு குறைபாடு எனும் சான்று அடிப்படைத் தகுதி.

தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' மருத்துவக் காப்பீடு, மேற்கூறிய நான்கு நிலைகளை உடையோருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. வயது வரம்போ முன் மருத்துவப் பரிசோதனையோ இல்லை. பயிற்சிச் சிகிச்சைகளுக்கும் இதில் இடமுண்டு. அவ்வறக்கட்டளையின் 'விகாஸ்' பகல்நேர மையங்களுக்கும், 'கரௌண்டா' குழு இல்லங்களுக்கும் உதவுகிறது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி உறவினருக்காக 75,000 ரூபாயும், கடுமையான குறைபாடாயின் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள அனுமதித்தது. பழைய வரிமுறையைத் தெரிவு செய்தோர்க்கே இது பொருந்தும். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளமையால், படிவம் நிரப்பும் முன் பட்டயக் கணக்கரைக் கலந்துகொள்க.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வாழ்வூதியம் ஈட்ட இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமை உள்ளது. பட்டறையில் ஊக்கத்தொகை வாங்கினால் அவ்வுரிமை பறிபோகும் என்றஞ்சிப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் உண்டு. 2021இல் வருவாய் வரம்பு தளர்த்தப்பட்டுள்ளது. பிள்ளையின் பிற வருவாய், இறந்த ஊழியர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தின் 30 விழுக்காடும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையினும் குறைவாயின் குடும்ப ஓய்வூதியம் தொடரும். மாதம் ஓரிரு ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை அவ்வரம்பை எட்டுவதில்லை. பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் முன்கூட்டியே சேர்த்துவைக்கவும் வழியுள்ளது.

சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்புவோருக்குத் தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் கடன் திட்டங்கள் உள்ளன. ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் விதிகளில் மாற்றுத்திறனாளிகள் நலிந்த பிரிவினராக ஏற்கப்பட்டுள்ளனர்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

பட்டறை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பின்வருவனவற்றை நேரில் சென்று கேட்டறிவது நன்று.

1. ஊக்கத்தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது? எழுத்தில் உள்ளதா? அவரவர் கணக்கில் செலுத்தப்படுகிறதா?

2. ஒருவர் தீட்டிய ஓவியம் விற்றால் அவருக்குரிய பங்கு எவ்வளவு? அவருடைய பெயர் படைப்பில் இடம்பெறுகிறதா?

3. இன்று வேலை செய்ய மறுப்பவரை எவ்வாறு நடத்துகின்றனர்?

4. பயிற்றுநர் ஒருவருக்கு எத்தனை பேர்? ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாகப் பணியில் உள்ளனர்?

5. பெண்களின் பாதுகாப்புக்கும் கழிப்பறை உதவிக்கும் என்ன ஏற்பாடு?

6. தணிக்கை செய்யப்பட்ட ஆண்டறிக்கை பெற்றோர் பார்வைக்கு வைக்கப்படுகிறதா?

நாள் முழுவதும் ஒரே உறையை மடிக்கச் செய்து, அதற்குப் 'பயிற்சி' என்று பெயரிட்டு, ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி வேலை வாங்கும் இடமும் இருக்கக் கூடும். இக்கேள்விகளுக்கு நேரடியாக விடையளிக்கத் தயங்கும் நிறுவனத்தினின்று விலகி நிற்பதே நன்று.

நாம் செய்யக் கூடியது

பரிவினால் ஒரு முறை வாங்குவோர் பலர். பொருள் பிடித்து மறுமுறை வாங்குவோர் சிலரே. பட்டறைகளை நிலைநிறுத்துவோர் இந்தச் சிலர்தாம். திருமணத் தாம்பூலப் பை, கொலு அன்பளிப்பு, அலுவலக நாட்குறிப்பு, பள்ளிப் பரிசு ஆகியவற்றுள் ஒன்றையேனும் ஆண்டுதோறும் ஒரே பட்டறையில் வாங்குவதென முடிவு செய்யலாம். தீபாவளிக்கு மட்டுமன்றி, வேலை குறைந்திருக்கும் பிப்ரவரியிலும் ஜூனிலும் வாங்கினால் பயன் இரு மடங்கு. தரத்தில் குறையிருப்பின் தயங்காமல் தெரிவிக்க வேண்டும். "பாவம், பரவாயில்லை" என்று வாங்கிப் பரணில் போடுவது செய்தவருக்கு மதிப்பாகாது.

ஓய்வு பெற்றோர் தம் நேரத்தையும் அளிக்கலாம். தறி தெரிந்தவர் தறியையும், தச்சு தெரிந்தவர் அளவுச் சட்டம் செய்வதையும், கணக்குத் தெரிந்தவர் பேரேட்டையும் கவனித்துக்கொள்ளலாம். சிறு பட்டறைகள் பலவற்றில் கணக்கெழுத ஆளில்லாததாலேயே நிதி கோரும் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன. வாரம் ஒரு பிற்பகல் போதுமானது.

தங்கள் இல்லத்தில் பதினெட்டை நெருங்கும் இத்தகைய மகனோ மகளோ இருப்பின், அடையாள அட்டை, ஆதார், புகைப்படம் ஆகியவற்றுடன் அவரையும் உடனழைத்துக் கொண்டு தங்கள் கிளைக்கு ஒரு முறை வருக. மூன்று நிலைகளுள் எது அவருக்குப் பொருந்தும் என்பதை அவரோடு பேசியே முடிவு செய்யலாம். காப்பாளர் சான்றிதழ் தேவையெனில், விண்ணப்பத்தை எங்கே, எவ்வாறு அளிப்பது என்பதைக் கிளை அலுவலர் விளக்குவார். இவ்வேலைக்கு ஒரு பிற்பகல் ஆகும். அதனைப் பத்தாண்டுகள் தள்ளிப்போட்ட குடும்பங்கள், பெற்றோரில் ஒருவரை இழந்த துயரத்தினூடே அதே வேலையைச் செய்ய நேர்கிறது.